டெஸ் நின்ற இடம்: நான்காவது வரைவு

1

குற்றத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கதை எங்கிருந்து வந்தது என்று கேட்டால் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் மழுப்புவார்கள். எனக்கு அந்த வசதி இல்லை, சாட்சிகள் இருக்கிறார்கள். செப்டம்பர் நடுவில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றே காலுக்கு, டிப்பரரிப் பக்கத்துச் சிறிய ஊரான எங்கள் ஊரின் பெரிய தெருவில், நாய் ஓட்டத்துக்குப் பணம் கட்டும் பந்தயக் கடை வாசலில் நின்று நான் ஒரு வாக்கியம் சொன்னேன். இந்தக் கதை அந்த வாக்கியத்திலிருந்து பிறந்தது. ஒரு நாய் தன் வீட்டை இழக்கப் பார்த்ததும் அதே வாக்கியத்தால்தான்.

வாக்கியம் என்னவென்று நான்காம் பகுதியில் சொல்கிறேன். இப்போது சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

2

முதல் வரைவு இப்படித் தொடங்கியது:

"கடந்த காலத்தின் பெருமூச்சு அந்த நாயின் விலா எலும்புகளுக்கிடையே…"

(பந்தய நாய் இனமான கிரேஹவுண்டுக்கு விலா எலும்பு தெரிவது இயல்பு. கடைசி மூன்று எலும்பு தெரியவில்லை என்றால்தான் தீனியைக் குறைக்க வேண்டும். பெருமூச்சு என்னுடையது. அடித்தாயிற்று.)

இரண்டாவது வரைவு:

"டெர்வ்லா ஹாக்கெட்டின் தனிமைக்குள் நான்கு கால்களில் ஒரு மௌனம் நுழைந்து…"

(தனிமை என்ற சொல்லை டெர்வ்லா பார்த்தால் என்னைப் பேருந்தால் இடித்துவிடுவாள். வெறும் பேச்சில்லை, அவளிடம் பேருந்து இருக்கிறது.)

மூன்றாவது வரைவில் முடிவு மிக அழகாக வந்தது. தொல்லையே அங்கேதான் ஆரம்பித்தது.

ஆகவே இந்த நான்காவதைத் தகவலோடு தொடங்குகிறேன். டெர்வ்லா ஹாக்கெட்டுக்கு வயது அறுபத்தொன்று. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். காலையில் ஒரு சுற்று, மதியத்துக்குப் பின் ஒரு சுற்று. நடுவில் ஐந்து மணி நேரம் சும்மா கிடந்தது. அந்த ஐந்து மணி நேரத்துக்குத்தான் நாய். டெஸ்மண்ட், சுருக்கமாக டெஸ். நாலரை வயது, முப்பத்து நான்கு கிலோ, கரும்பழுப்பில் புலிக்கோடு, இரண்டு காதுக்குள்ளும் பந்தயப் பதிவுக்காகப் பச்சை குத்திய எழுத்து. பந்தயத்தில் அவன் பெயர் 'ஸ்லீவர்டா ஸ்டார்ம்'. ஸ்டார்ம் என்றால் புயல். வீட்டில் இந்தப் புயல் நாளுக்குப் பதினெட்டு மணி நேரம் சோபாவில் மையம் கொண்டிருக்கும்.

நான் பந்தயக் கடைக்கு அடுத்த மருந்துக்கடையில் மருந்தாளுநன். பத்தொன்பது வருடமாக. இந்த விவரத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் என்னைக் கேலி செய்ய உதவும்.

3

நாயைக் கொண்டுவந்து விட்டவள் நூலா. ஓடி ஓய்ந்த நாய்களுக்கு வீடு தேடிக் கொடுக்கிறவள். வேனை நிறுத்தாமலே பேசத் தொடங்கி, கிளப்பிய பிறகும் பேசுகிறவள்.

"ஆறு வாரம், டெர்வ்லா. ஒத்து வந்தா வச்சுக்கோங்க. ஒத்து வரலேன்னா வெக்கப்படாம கூப்பிடுங்க, வந்து கூட்டிட்டுப் போறேன். ஆறாவது சனிக்கிழமை மூணு மணிக்குத் தாளோட வருவேன். ரெண்டு தாள். ஒண்ணு வச்சுக்கிறதுக்கு, ஒண்ணு திருப்பிக் குடுக்கிறதுக்கு."

"யாருக்கு ஒத்து வரணும், எனக்கா அவனுக்கா?"

"அவனா கையெழுத்துப் போடப் போறான்? உங்களுக்குத்தான்."

"அதெப்படி? அவனையும்ல கேக்கணும்," என்றாள் டெர்வ்லா.

(இந்த ஒரு வரியில் கதை முழுவதும் இருக்கிறது. மூன்று வரைவில் இதைக் கவனிக்காமல் கடந்து போனேன்.)

நூலா எழுதிக் கொடுத்த சீட்டு டெர்வ்லாவின் குளிர்பெட்டிக் கதவில் ஏறியது. இவன் பிறந்ததிலிருந்து நாய்க் கொட்டிலில் வளர்ந்தவன், வீடு என்றால் என்னவென்றே தெரியாது என்று அதில் முதல் வரி. கண்ணாடிக் கதவு தெரியாது, வேகமாக வந்து முட்டுவான், கண் மட்டத்தில் காகிதம் ஒட்டு. படிக்கட்டு தெரியாது. 'உட்கார்' என்று நச்சரிக்காதே, அந்தத் தொடைக்கு உட்காருவது சுகமில்லை. மழையில் மேல்சட்டை போடு, உடம்பில் கொழுப்பே கிடையாது. பூனையைப் பார்த்தால் கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்று. கண்ணைத் திறந்துகொண்டே தூங்குவான், செத்துவிட்டான் என்று எனக்குப் போன் செய்யாதே. கடைசி வரிக்குக் கீழே மட்டும் இரண்டு கோடு: தூங்கும்போது தொடாதே. பெயரைச் சொல். காது அசைந்த பிறகு தொடு.

அந்தக் கடைசி வரியை டெர்வ்லா மூன்றாம் நாள் மறந்தாள். கண் திறந்திருந்ததால் விழித்திருக்கிறான் என்று நினைத்து நெற்றியைத் தடவினாள். அவன் உறுமிக்கொண்டு எழுந்து காற்றைக் கடித்தான். கடித்த பிறகு யாரைக் கடிக்கப் பார்த்தோம் என்று பார்த்துவிட்டு, குளியலறைக்குள் போய் முகத்தைச் சுவரில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் வரவில்லை.

நான் மாலையில் போனபோது டெர்வ்லா குளியலறை வாசலில் தரையில் உட்கார்ந்திருந்தாள், கையில் ஆறிப்போன தேநீர்.

"கோவக்கார நாயா?" என்றேன்.

"யோவ் மருந்து, உன்ன யாராச்சும் தூக்கத்துல மூஞ்சியில கைய வச்சா நீ என்ன பண்ணுவ? நன்றின்னு சொல்லுவியா? பாவம், இவன் கூட இதுவரைக்கும் யாரும் ஒரே ரூம்ல படுத்ததே இல்ல."

(இவர்கள் பேசும் ஆங்கிலத்தில் நீ, நீங்கள் என்ற பேதம் கிடையாது. பத்தொன்பது வருடப் பழக்கத்தை எடைபோட்டு, அவள் என்னை 'நீ' என்றும் நான் அவளை 'நீங்க' என்றும் சொல்வதாக நானே பங்கு பிரித்துக்கொண்டேன். 'யோவ்' மட்டும் அவள் குரலில் நிஜமாகவே இருக்கிறது.)

படிக்கட்டு ஏற மூன்று நாள் ஆனது. டெர்வ்லா பின்னால் நின்று ஒவ்வொரு காலாகத் தூக்கி வைத்தாள். மூன்றாம் நாள் அவனே ஏறிவிட்டான். இறங்குவதைப் பற்றி யாரும் சொல்லித் தரவில்லை என்பது மேலே போன பிறகுதான் அவனுக்கு உறைத்தது. முப்பத்து நான்கு கிலோ புயலை மார்போடு அணைத்து இறக்கி வந்தது இந்தக் கதையின் ஆசிரியர். இடுப்புக்குப் பூச நான் விற்கும் களிம்பை நானே வாங்கினேன்.

இரண்டாம் வாரக் கடைசியில் டெஸ் பின்பக்கத் தோட்டத்துப் புல்லில் வட்டமாகச் சுற்றிச் சுற்றி ஓடினான். நாக்கு ஒரு பக்கம், காது ஒரு பக்கம். டெர்வ்லா சமையலறை ஜன்னலில் நின்று சத்தமாகச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. எல்லாம் ஒத்து வந்துகொண்டிருந்தது.

4

தெருவில் மட்டும் ஒத்து வரவில்லை.

தினமும் பதினொரு மணிக்கு டெர்வ்லா அவனைப் பெரிய தெரு வழியாக ஆற்றங்கரைக்குக் கூட்டிப் போவாள். பந்தயக் கடை வாசலுக்கு வந்ததும் டெஸ் நின்றுவிடுவான். நின்றால் சிலை. இழுத்தால் வரமாட்டான், பிஸ்கட்டுக்கும் வரமாட்டான். வலது முன்னங்காலை மட்டும் தரையிலிருந்து விரல் அளவு தூக்கி வைத்துக்கொண்டு, காதைப் பின்னால் மடித்து நிற்பான். பந்தயக் கடைக் கதவு திறந்திருக்கும். உள்ளே திரையில் காலை நாய்ப் பந்தயம். நாய்கள் துரத்த விடும் பொம்மை முயல் கிளம்பும் கிறீச்சு, நாய்களை அடைத்த பெட்டிக் கதவு திறக்கும் சத்தம், மூச்சு விடாமல் வர்ணனை.

எங்கள் ஊரில் நாயைத் தொட்டுப் பார்க்கத் தெரியாத ஆண்பிள்ளை கிடையாது. கடைக்குள்ளிருந்து ஒவ்வொருவராக வந்தார்கள். ஒருவர் தோளை அமுக்கினார், ஒருவர் தொடையைப் பிடித்தார், ஒருவர் முதுகெலும்பில் விரலை ஓட்டினார். உடம்பில் ஒரு குறையும் இல்லை என்று தீர்ப்பு வந்தது. அதே வரிசையில் சற்றுத் தள்ளியிருக்கும் மாஸி லோனர்கனும் வந்து பார்த்தார். மாஸி, முன்பக்கம் மதுக்கடையும் பின்பக்கம் சவ அடக்க வேலையும் நடத்துகிறவர். ஊரில் எல்லாருடைய உயரமும் அவருக்குத் தெரியும்.

"கால்ல ஒண்ணும் இல்ல. மண்டைக்குள்ள என்னமோ," என்றார் மாஸி.

அப்போதுதான் நான் மருந்துக்கடையிலிருந்து வெளியே வந்தேன். வெள்ளை அங்கி, கையில் தேநீர்க் கோப்பை. சொன்னேன்:

"அவன் தன் பழைய ஓட்டத்தக் கேட்டுக்கிட்டு நிக்கிறான், டெர்வ்லா. தூக்கின கால் இன்னும் கீழ எறங்கல பாருங்க."

மாஸி தொப்பியைக் கழற்றினார். எனக்கு உடம்பெல்லாம் குளிர்ச்சியாக இருந்தது. ஒரு வாக்கியம் சரியாக விழுந்தால் வரும் குளிர்ச்சி. உள்ளே போய் மருந்துச் சீட்டின் பின்பக்கம் அதை எழுதிவைத்துக்கொண்டேன்.

ஒரு வாரத்தில் ஊர் முழுக்கப் பரவியது. பதினொன்றே காலுக்கு அவனைப் பார்க்கவே ஆட்கள் வந்தார்கள். கடைக்காரப் பெண் வர்ணனைச் சத்தத்தைக் கூட்டி வைத்தாள், அவனுக்காக. டெர்வ்லாவும் இழுப்பதை விட்டுவிட்டாள். தினம் அந்த இடத்தில் ஐந்து நிமிடம், சில நாள் பத்து நிமிடம், அவன் நின்று கேட்கட்டும் என்று கயிற்றைத் தளர்த்திப் பிடித்து மழையில் பக்கத்தில் நின்றாள்.

(இந்தப் பத்து நிமிடங்களைக் கொஞ்சம் ஓரமாக எடுத்து வையுங்கள். தேவைப்படும்.)

5

இந்த இடத்தில் எனக்கு டெர்வ்லா என்ற பாத்திரத்தின் மேல் சந்தேகம் வந்தது. இவ்வளவு கெட்டிக்காரி இப்படிச் செய்வாளா என்று.

ஆறாம் வாரம் திங்கட்கிழமை அவள் மருந்துக்கடைக்கு வந்து, வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் இருமல் மருந்து கேட்பதுபோலச் சொன்னாள்:

"நூலாவுக்குப் போன் பண்ணிட்டேன். சனிக்கிழமை வந்து கூட்டிட்டுப் போகட்டும்."

"என்னது? ஏன்?"

"ஓட்டம் இருக்கற எடமாப் பாத்துக் குடுக்கச் சொன்னேன். புல்வெளி, நாலஞ்சு நாய், அந்த மாதிரி. நூலாவுக்குத் தெரிஞ்ச ஒருத்தர் இருக்காராம்."

"அவன் உங்க வீட்டுல நல்லாத்தான இருக்கான்!"

"வீட்டுல நல்லாத்தான் இருக்கான். நானுந்தான் வீட்டுல நல்லா இருந்தேன்." அவள் கவுன்டரில் இருந்த தொண்டை மிட்டாய் டப்பாவை நேராக்கினாள். "அம்மாவுக்கு முடியாமப் போனப்ப பன்னெண்டு வருஷம் கூடவே இருந்தேன். டப்ளின் பஸ் எங்க ஜன்னலத் தாண்டித்தான் போவும், தெரியும்ல? ஒம்போது நாப்பதுக்கு ஒண்ணு, ரெண்டு அஞ்சுக்கு ஒண்ணு. ரெண்டுக்கும் நின்னு பாப்பேன். எங்கிட்ட யாரும் கொடுமையா நடந்துக்கல. நல்லாத்தான் பாத்துக்கிட்டாங்க. ஆனா நின்னு பாப்பேன். அதே மாதிரி ஒருத்தன் என் கயித்துல நின்னு பாத்துக்கிட்டு இருக்கறத என்னால பாக்க முடியாது, மருந்து. நீதான சொன்ன, தூக்கின கால் இன்னும் எறங்கலன்னு."

பின்னால் நின்ற கிழவர் தொண்டையைச் செருமினார். அவள் ஒரு டப்பா மிட்டாயை எடுத்துக்கொண்டு போனாள்.

இப்போது மறைக்காமல் ஒன்று சொல்கிறேன். அவள் கதவைத் தாண்டிப் போன அந்த நொடியில் எனக்கு முதலில் தோன்றியது துக்கம் இல்லை. 'ஆகா, முடிவு கிடைத்துவிட்டது' என்றுதான் தோன்றியது. அன்பின் பொருட்டு விட்டுக்கொடுக்கிறாள்; வேன் போகிறது; காலியான கயிறு கையில். மூன்றாவது வரைவை இரண்டே அமர்வில் முடித்தேன். கடைசி வரி எழுதும்போது அழக்கூடச் செய்தேன். நாய் போவதற்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது. அதைத் தடுக்க நான் ஒரு விரலை அசைக்கவில்லை. கதை கெட்டுவிடுமே.

6

கதையை நகராட்சி கெடுத்தது.

எங்கள் தெருவில் சாலையைக் கடக்கும் இடம் பந்தயக் கடை வாசலில் இருந்தது. வண்டிகளுக்கு வளைவு மறைக்கிறது என்று நான்கு வருடமாக மனுக் கொடுத்து, எல்லாரும் மறந்த பிறகு, அந்தப் புதன்கிழமை ஆட்கள் வந்தார்கள். கடக்கும் இடத்தை முப்பது அடி தள்ளி, லோனர்கன் வாசலுக்கு நேராக மாற்றினார்கள். மஞ்சள் கோடு, கம்பம், எல்லாம் வியாழன் சாயங்காலத்துக்குள் இடம் மாறின.

வெள்ளிக்கிழமை பதினொரு மணி. டெஸ்ஸின் கடைசி நடை என்று ஊருக்கே தெரியும். வாசலில் ஆறேழு பேர். கடைக்காரப் பெண் சத்தத்தை உச்சத்தில் வைத்தாள். நானும் வெளியே வந்தேன், சட்டைப்பையில் பேனாவோடு.

டெஸ் வந்தான். பந்தயக் கடையை நெருங்கினான். பொம்மை முயல் கிறீச்சிட்டது. பெட்டிக் கதவு திறந்தது. டெஸ் அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லாமல், தபால்காரர் விடுமுறை நாளில் நடப்பதுபோல, நேரே நடந்து போனான்.

"ஏலேய்! டெஸ்!" என்றார் ஒருவர், அவமானப்பட்டவர்போல.

சரியாக முப்பது அடி போய், லோனர்கன் வாசலில் நின்றான். சிலை. வலது முன்னங்கால் தரையிலிருந்து விரல் அளவு மேலே.

மாஸி லோனர்கன் தன் கதவைத் திறந்து பார்த்தார். ஒரு கிரேஹவுண்ட் சவ அடக்கக்காரர் வாசலில் காலைத் தூக்கிக்கொண்டு நின்றால் யாருக்கும் ஒரு மாதிரியாகத்தான் இருக்கும்.

"யாருக்காம்?" என்றார் மாஸி.

"உனக்கா இருக்கும், மாஸி. ஆர்டர் புடிச்சுக் குடுக்கறான்," என்று யாரோ.

"போன வாரம் ஓட்டத்தக் கேட்டான், இந்த வாரம் சாவக் கேக்கறான்," என்றார் தோளை அமுக்கிப் பார்த்தவர். "நாய்க்குத் தெரியும்யா. மருந்து, நீ என்ன சொல்ற?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வாக்கியம் ஒன்று வாய்வரை வந்துவிட்டது. நல்ல வாக்கியம். இப்போதும் ஞாபகம் இருக்கிறது, எழுத மாட்டேன்.

டெர்வ்லா மட்டும் நாயின் முகத்தையும் பார்க்கவில்லை, மாஸியின் கதவையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. பேருந்து ஓட்டுகிறவள். சாலையைப் பார்த்தாள். டெஸ்ஸின் காலடியில் புதிதாகப் பதித்த சிவப்புக் கல். கண் தெரியாதவர்கள் காலால் தடவிக் கண்டுபிடிக்க, கடக்கும் இடத்தில் பதிப்பார்களே, கொப்புளம் கொப்புளமாகப் புடைத்த கல். அவள் தலையைத் திருப்பிப் பந்தயக் கடை வாசலைப் பார்த்தாள். பழைய சிவப்புக் கல்லைப் பெயர்த்துவிட்டு வழவழப்பாகத் தார் பூசியிருந்தார்கள்.

மழைத் தண்ணீரில் அப்படியே முழங்காலிட்டாள்.

"டெஸ்," என்றாள். காது அசைந்தது. தூக்கியிருந்த காலை எடுத்துத் திருப்பினாள். விரல்களுக்கிடையே அல்ல, நகத்தில் அல்ல. நடுவிரல் மெத்தையின் சரியான நடுவில், பாதிப் பட்டாணி அளவில், மங்கிய வெள்ளையாக, வட்டமாக ஒன்று. கட்டைவிரலால் மெல்ல அமுக்கினாள். டெஸ் சத்தம் போடவில்லை. காலை இழுத்துக்கொண்டு, வாயை அவள் தோளில் வைத்தான்.

கால் ஆணி.

நாளுக்கு நான்கு பேருக்குக் கால் ஆணிப் பட்டை விற்கிறவன் நான்.

7

கால்நடை மருத்துவர் அந்தப் பாதத்தை விளக்கின் கீழே பிடித்து, ஒருமுறை பார்த்தவுடன் சொன்னார்.

"இந்த இனத்துக்கு அடிக்கடி வர்றதுதான். வெரல்ல சதை மெத்தை கம்மி. மணல்லயும் புல்லுலயும் ஓடறப்ப தெரியாது. கெட்டியான தரையில, மேடு பள்ளத்துல வச்சாத்தான் ஊசி மாதிரி ஏறும். செருப்புக்குள்ள கல்லு கெடக்கற மாதிரின்னு வச்சுக்கோங்களேன்."

"புல்லுல ஓடினானே," என்றாள் டெர்வ்லா.

"அதான் சொல்றேன்."

மயக்க மருந்து வேண்டியிருக்கவில்லை. கொழுப்பில்லாத இந்த உடம்புகளுக்கு அதைக் கொடுப்பதும் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். கூரிய கத்தியால் ஓரத்தை இளக்கி, ஒரு சிறிய கூம்பை வெளியே எடுத்தார். ரத்தம் வரவில்லை. அதைப் பஞ்சில் வைத்துக் காட்டினார். என் மூன்று வரைவுகளின் கருப்பொருள். அரிசி நொய் அளவு.

"இத்தோட சரியாயிடுமா?" என்று நான் கேட்டேன்.

"ஆகாது. திரும்பி வராம இருக்காது. ஒரு மாசமோ ஆறு வாரமோ, மறுபடி முளைக்கும். பத்து நாளைக்கு ஒருக்கா வெதுவெதுப்பான தண்ணியில ஊறவச்சு, அரத்தால மெல்லத் தேய்ச்சு விடணும், களிம்பு போடணும். தெருவுக்குன்னா அந்தக் காலுக்கு மட்டும் மெத்தை வச்ச உறை. மத்தபடி புல்லுல நடக்கட்டும். எப்பவும் பாத்துக்கிட்டே இருக்கணும், அவ்வளவுதான்." என் அங்கியைப் பார்த்தார். "உங்க கடைப் பட்டையப் போட்டு வச்சிராதீங்க. அதுல அமிலம் இருக்கு, நக்கித் தின்னுருவான்."

டெர்வ்லா வண்டியில் ஏறி, சாவியைப் போடாமல் உட்கார்ந்தாள். டெஸ் பின் இருக்கையில் நின்றுகொண்டு இருவருக்கும் நடுவில் மூக்கை நீட்டினான்.

"பத்து நிமிஷம், மருந்து," என்றாள்.

"என்ன?"

"தெனம் பத்து நிமிஷம் அந்தக் கல்லு மேலயே நிக்க வச்சிருக்கேன். அவன் கேக்கட்டும்னு. இழுத்துட்டுப் போயிருந்தாக்கூட ரெண்டு அடியில தாண்டியிருப்பான். நான் கயித்த விட்டுக் குடுத்து, பாசமா, அது மேலயே நிக்க வச்சிருக்கேன்."

"டெர்வ்லா, அதச் சொன்னது நான்."

"நீ எதையாச்சும் சொல்லிட்டுத்தான் இருப்ப. கால் என் கயித்துல இருந்துச்சு." சாவியைத் திருகினாள். "ஒருத்தன் கால் வலியத் தன் மனசு வலின்னு வாசிக்கிறவ கையில ஒரு நாய் இருக்கலாமா, சொல்லு."

பேனா சட்டைப்பையிலேயே இருந்தது. எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

8

முடிவுகள்.

அ) டெஸ் ஏக்கத்தில் நிற்கவில்லை என்று தெரிந்ததும் டெர்வ்லா மகிழ்ந்து அவனை வைத்துக்கொள்கிறாள். (நான் இதைத்தான் எழுதப் போனேன். ஆனால் வண்டியில் அவள் சொன்னதை நீங்களும் கேட்டீர்கள். திருப்பி அனுப்ப முன்பு ஒரு காரணம், அது பொய்யாகிவிட்டது. இப்போது வேறொரு காரணம், இது பொய்யில்லை.)

ஆ) நூலா வந்து ஆறுதல் சொல்கிறாள். "நாலு வருஷம் வளத்தவங்க பாக்கல, ஊர்ல அத்தன கை தொட்டுச்சே, ஒரு கையாவது காலத் திருப்பிப் பாத்துச்சா? நீங்கதானம்மா பாத்தீங்க!" (நூலா நிச்சயம் இதைச் சொல்வாள், வேனை நிறுத்துவதற்கு முன்பே. டெர்வ்லாவுக்குப் பிறர் சொல்லும் ஆறுதல் ஒத்துக்கொள்ளாது. அம்மா இறந்தபோது ஆறுதல் சொல்ல வந்தவர்களுக்கு அவள் சாண்ட்விச் வெட்டிக் கொடுத்துக்கொண்டே இருந்தாள்.)

இ) டெஸ் தானே ஏதோ செய்து தன் விருப்பத்தைக் காட்டுகிறான், வேனில் ஏற மறுக்கிறான், தாளை வாயால்… (இல்லை. அவன் வாயில் இனி நான் ஒன்றும் வைக்க மாட்டேன். காலிலும்.)

ஈ) மூன்றாவது வரைவின் முடிவு, காலியான கயிறு. (கிழித்துவிட்டேன். முழுவதையும் கிழிக்கவில்லை. ஒரு பத்தி நன்றாக இருந்தது… சரி, அதையும் கிழித்தாயிற்று.)

9

சனிக்கிழமை, இரண்டு மணி ஐம்பது.

டெர்வ்லா என்னைக் கூப்பிட்டாள், கால் பிடிக்க. அவள் சொன்னது அவ்வளவுதான்: "வா, கால் பிடிக்கணும்." தேய்க்க வேண்டிய நாள் இன்னும் வரவில்லையே, நேற்றுத்தானே எடுத்தார்கள் என்றேன். சுற்றிலும் காய்ப்பு இருக்கிறது, இன்றைக்கே பழகிக்கொண்டால் நல்லது என்றாள். யார் பழகிக்கொண்டால் என்று கேட்கவில்லை. அடுத்து வைத்துக்கொள்ளப் போகிறவருக்குச் செய்து காட்டவா, தனக்கா? அவள் முகத்தைப் பார்த்தால் தெரிந்திருக்கலாம். முகத்தைப் பார்த்துக் கதை கட்டுவதை நான் நிறுத்தி ஒரு நாள் ஆகிறது.

சமையலறைத் தரையில் அவனுடைய மெத்தை. வெதுவெதுப்பான தண்ணீர்க் கிண்ணம், துண்டு, நான் கடையிலிருந்து கொண்டுவந்த மென்மையான அரம். நான் சுவரில் சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்தேன். டெஸ் பக்கவாட்டில் சரிந்தான். அவனுடைய வலது முன்னங்கால் என் இரண்டு உள்ளங்கைகளில். எலும்பும் தோலும் சூடும். டெர்வ்லா எதிரே குனிந்து தேய்த்தாள், முட்டையின் தோலை உரிப்பதுபோல.

"வலிக்குதாடா?" என்றாள். "வலிச்சா சொல்லு. எங்கள மாதிரி முட்டாளுங்ககிட்ட வாயத் தெறந்து சொல்லணும்."

டெஸ் சொல்லவில்லை. அரம் போய் வந்தது. போய் வந்தது. கொஞ்ச நேரத்தில் என் கையில் இருந்த கால் கனத்தது. அவன் கண் திறந்துதான் இருந்தது.

"டெர்வ்லா," என்றேன் மூச்சிலேயே, "தூங்கிட்டான்னு நெனக்கிறேன்."

அவள் கை நின்றது. இருவரும் ஒரே நேரத்தில் குளிர்பெட்டிக் கதவைப் பார்த்தோம்; இரண்டு கோடு போட்ட அந்த வரியை. தூங்கும்போது தொடாதே. தொட்டுக்கொண்டிருந்தோம், நான்கு கையால்.

உறுமவில்லை. வயிறு ஏறி இறங்கியது. பின்னங்கால் ஒருமுறை உதைத்தது, கனவில். (எங்கே ஓடுகிறான் என்று எழுதமாட்டேன்.)

டெர்வ்லா மறுபடி தேய்க்க ஆரம்பித்தாள்.

அப்போது வேன் சத்தம் கேட்டது. நூலா, அவள் பேச்சு வேனுக்கு முன்னால் வந்துவிட்டது. வாசல் மணி அடிக்கிறது. எங்களால் எழ முடியாது. எழுந்தால் அவன் விழிப்பான். என் இரண்டு கையும் மாட்டிக்கொண்டிருக்கின்றன. பேனா சட்டைப்பையில் இருக்கிறது, எடுக்க வழியில்லை. ஆகவே இதற்கு மேல் இந்தக் கதையை நான் எழுதவில்லை. உங்கள் கை சும்மாதான் இருக்கிறது.

கொஞ்சம் போய்க் கதவைத் திறந்துவிடுங்கள். பூட்டவில்லை. நூலா சத்தமாகப் பேசுவாள். உதட்டில் விரலை வைத்துக் காட்டுங்கள். கையில் இரண்டு தாள் வைத்திருப்பாள், எது என்று உங்களைக் கேட்பாள். டெர்வ்லாவிடம் கேட்காதீர்கள், 'ம்' என்பாள், அதற்கு எந்த அர்த்தம் வேண்டுமானாலும் வரும்.

குளிர்பெட்டிக்குப் பக்கத்துச் சுவரில் பேருந்துக் கம்பெனி நாள்காட்டி தொங்குகிறது. நான் உள்ளே வந்தபோது டெர்வ்லா பென்சிலோடு அதன் முன்னால் முதுகைக் காட்டி நின்றிருந்தாள். என்ன எழுதினாள் என்று பார்க்கவில்லை; நான் உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து தெரியவும் தெரியாது. நீங்கள் அக்டோபர் தாளைத் தூக்கி நவம்பரைப் பாருங்கள். பத்து நாளுக்கு ஒரு கட்டத்தில், தேய்க்கும் நாளாக, ஏதாவது குறித்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் டிசம்பரையும் பாருங்கள்.

பார்த்ததை நூலாவிடம் சொல்லுங்கள். எனக்குச் சொல்ல வேண்டாம். நான் உடனே அதைப் பற்றி ஒரு வாக்கியம் செய்துவிடுவேன்.

தாளைத் திருப்பும்போது சத்தம் வராமல் திருப்புங்கள்.